ஃபாரலோன் பந்தி

சான்பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்துக்கு மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, நடுக்கடலில் மொட்டைப் பாறைகளாக நிற்கின்றன ஃபாரலோன் தீவுகள். மாலுமிகள் ‘சாத்தானின் பற்கள்’ என்பார்கள். இந்த வளைகுடாப் பகுதிக்கு நான் குடிவந்து தலை நரைத்துவிட்டது. ஊரிலிருந்து வரும் விருந்தாளிகள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “பெரிய வெள்ளைச் சுறா வர்ற தீவு அதுதானே?” அதுதான். ஆனால் அந்தச் சுறாவின் கதையைச் சொல்ல வேண்டுமானால் தோல் வியாபாரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாஸ்டன் கப்பல்கள் இங்கே வந்தன. பாறையில் படுத்துக்கிடந்த உரோமக் கடல்நாய்களைத் தடியால் அடித்துக் கொன்று, பல்லாயிரம் தோல்களை அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்களுக்குப் பின் ரஷ்யர்கள். 1812இல் கரையில் ராஸ் கோட்டையைக் கட்டியவர்கள், அலாஸ்காவின் பழங்குடி வேட்டைக்காரர்களைக் கொண்டுவந்து இந்தப் பாறையில் குடிவைத்தார்கள். விறகில்லை, நல்ல தண்ணீர் இல்லை. மிச்சமிருந்த கடல்நாய்களையும் அவர்கள் கையாலேயே அடிக்கவைத்தார்கள். சில பத்தாண்டுகளில் உரோமக் கடல்நாய் தீவிலிருந்தே அற்றுப்போனது. யானைக் கடல்நாயை எண்ணெய்க்காகக் கொன்றார்கள். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் மெக்சிகோவின் குவாதலூப் தீவில் ஒரு சின்னக் கூட்டம்தான் தப்பிக் கிடந்தது.

கடல்நாய் தீர்ந்ததும் பறவை முட்டைக்கு வந்தார்கள். 1849இல் தங்கம் தேடி ஊரே திரண்டு வந்தபோது சான்பிரான்சிஸ்கோவில் கோழி இல்லை, முட்டை இல்லை. ஃபாரலோனில் மர் என்ற கடற்பறவை லட்சக்கணக்கில் முட்டையிட்டுக்கொண்டிருந்தது. முட்டைக் கம்பெனியே தொடங்கிவிட்டார்கள். சட்டை முழுக்கப் பை தைத்து, முட்டையை அதில் நிரப்பிக்கொண்டு பாறையில் தொற்றி இறங்குவார்களாம். பருவம் தொடங்கும்போது இருக்கிற முட்டை எல்லாவற்றையும் முதலில் மிதித்து உடைத்துவிடுவது வழக்கம். அப்போதுதான் மறுநாள் கிடைப்பது புது முட்டை என்று நம்பி எடுக்கலாம்! 1863 ஜூனில் போட்டிக் கும்பலுக்கும் கம்பெனி ஆட்களுக்கும் துப்பாக்கிச் சண்டை மூண்டு இரண்டு உயிர் போனது. முட்டைக்காக. 1881இல் அரசாங்கம் கம்பெனியைத் தீவை விட்டே விரட்டியது.

அதன் பிறகு ஏறத்தாழ நூறு வருஷம் கலங்கரை விளக்கக்காரர்களின் காலம். சுறாவைப் பற்றிச் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. இலை போடாத பந்தியில் யார் வந்து உட்காருவார்?

1968இல் பறவை ஆய்வாளர்கள் தீவில் குடியேறினார்கள். மறுவருஷம் தென்கிழக்குத் தீவும் வனவிலங்குக் காப்பிடமானது. 1972இல் இரண்டு காரியங்கள் நடந்தன: கடல்வாழ் பாலூட்டிகளைக் காக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது, யானைக் கடல்நாய்கள் ஃபாரலோனில் மறுபடி குட்டி போட்டன. அடுத்தடுத்த வருஷங்களில் இலையுதிர் காலம் வந்தால் சுறா கடல்நாயைக் கடித்துக் கரையோரத் தண்ணீரில் ரத்தம் பரவுவதைப் பறவை ஆய்வாளர்கள் அடிக்கடி பார்க்கத் தொடங்கினார்கள். கலங்கரை விளக்கக் குன்றின் உச்சியில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். கடற்காகங்கள் ஓரிடத்தில் கூடினால் கீழே சத்தம் போடுவார். மற்றவர்கள் சின்னப் படகை இறக்கிக்கொண்டு ஓடுவார்கள். துடுப்பையும் தழும்பையும் படமெடுத்து, ஒவ்வொரு சுறாவுக்கும் பேர் வைத்தார்கள். ஆண் சுறா பெரும்பாலும் வருஷா வருஷம் வருகிறது, பெண் சுறா ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம் என்பது அந்தக் கணக்கில்தான் தெரியவந்தது.

1982இல் ஒரு மீனவர் ஒரே நாளில் நான்கு வெள்ளைச் சுறாக்களை இங்கே பிடித்தார். அதன் பின் கடல்நாய்கள் அடிபடுவது சட்டென்று குறைந்தது. நாலே நாலுதான்! இத்தனை சில சுறாக்களே இவ்வளவு பெரிய கடல்நாய்க் கூட்டத்தை மட்டுப்படுத்துகின்றன என்று அன்றைக்குத்தான் உறைத்தது. 2011இல் வெளியான ஓர் ஆய்வு, மத்தியக் கலிபோர்னியக் கரையில் வளர்ந்த, வளரும் பருவச் சுறாக்கள் சுமார் 219 என்று மதிப்பிட்டது. வெள்ளைச் சுறாவைப் பிடிக்கக் கூடாது என்ற கலிபோர்னியச் சட்டம் 1994இல் நடப்புக்கு வந்தது. தென்னாப்பிரிக்கா 1991இலேயே முந்திக்கொண்டது.

சுறாதான் கடலுக்கு ராஜா என்பது சினிமாக்காரர்கள் கட்டிய பட்டம். 1997 அக்டோபர் 4 அன்று, திமிங்கிலம் பார்க்க வந்த பயணிகளின் கண்ணெதிரில், ஓர்கா என்ற கொலையாளித் திமிங்கிலம் ஒன்று வெள்ளைச் சுறாவைக் கொன்று ஈரலைத் தின்றது. மற்ற சுறாக்கள் அந்தப் பருவத்துக்கு அந்தப் பக்கமே வரவில்லை. பின்னால் பல வருஷப் பதிவுகளைச் சேர்த்து 2019இல் வெளியிட்டபோது, ஓர்கா எட்டிப் பார்த்த வருஷமெல்லாம் யானைக் கடல்நாய்களுக்குச் சேதம் பல மடங்கு குறைந்தது தெரிந்தது. சுறா எத்தனை கடல்நாயைத் தின்கிறது என்பதோடு, எதற்குப் பயந்து எங்கே ஓடுகிறது என்பதும் அந்தக் கடலின் வரவுசெலவில் சேர்த்தி.

அந்தத் தண்ணீரில் நடப்பது ஆதிகாலம் தொட்டு மாறாமல் வருகிற இயற்கைக் காட்சி என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்பாதீர்கள். இப்போது நாம் பார்ப்பது, கொன்று காலியாக்கிய இடத்தில் சட்டம் போட்டுத் திரும்ப வரவழைத்த ஐம்பது வருஷக் காட்சி. உரோமக் கடல்நாய் அங்கே மறுபடி குட்டி போட 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளைப் பார்க்க இந்தப் பக்கம் வருகிறவர்கள் அக்டோபரில் படகுக்குச் சீட்டு எடுங்கள். தீவில் இறங்கப் பொதுமக்களுக்கு அனுமதியில்லை, சுற்றி வரலாம். வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள், வயிறு முட்டத் தின்றுவிட்டும் ஏறாதீர்கள். சுறா கண்ணில் படாமல் போகலாம். பாறையில் படுத்துக்கிடக்கும் கடல்நாய்களை நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.