கார்ட்டூன் ரீமாஸ்டரிங்

கையால் வரைந்து பிலிமில் எடுக்கப்பட்ட பழைய கார்ட்டூன் தொடர்களையும் படங்களையும், எஞ்சியிருக்கும் மூலச் சுருளிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்து, கறை நீக்கி, நிறத்தையும் ஒலியையும் சரிபார்த்து, வீட்டில் பார்க்கும் வட்டாகவோ இணையப் பதிப்பாகவோ வெளியிடும் வேலை ரீமாஸ்டரிங் எனப்படுகிறது. தமிழ்நாட்டில் இந்தச் சொல், 2012-இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குக்குத் திரும்பிய ‘கர்ணன்’ (1964) போன்ற படங்களை ஒட்டியே பரவியது. கார்ட்டூனுக்கும் அதே கருவிகள்தாம், ஆனால் சிக்கல் வேறு. சிவாஜியின் முகத்தில் ஓடும் கீறலை எந்தக் கண்ணும் கண்டுபிடித்துவிடும். கோட்டாலேயே ஆன படத்தில் கீறலும் கோடு, உதடும் கோடு.

செல் முறையில் படம் எடுத்த விதம் தெரிந்தால்தான் இது விளங்கும். பென்சிலில் வரைந்ததை ஒளி ஊடுருவும் செல் தாளுக்கு மையால் மாற்றி, தாளின் பின்புறம் வண்ணம் பூசுவார்கள். அதைப் பின்னணி ஓவியத்தின் மேல் வைத்துக் கண்ணாடித் தகட்டால் அழுத்தி, மேலிருந்து கீழ்நோக்கும் காமிராவில் பிரேம் பிரேமாக எடுப்பார்கள். நொடிக்கு 24 பிரேம் ஓடினாலும் 24 ஓவியம் வரைவதில்லை. ஒரே ஓவியத்தை 2 அல்லது 3 பிரேமுக்கு நிறுத்தி, நொடிக்கு 12 அல்லது 8 ஓவியத்தில் தொலைக்காட்சித் தொடர்களை முடித்தார்கள்.

இதனால் சுருளில் இரண்டு வகைத் தூசு சேர்கிறது. படமெடுத்த பிறகு நெகட்டிவில் ஒட்டிய தூசு ஒரே ஒரு பிரேமில் மின்னி மறையும். படமெடுத்தபோதே கண்ணாடிக்கு அடியில் சிக்கிய தூசு, அந்தச் செல் நிற்கும் வரை அசையாமல் நிற்கும். தூசு நீக்கும் மென்பொருள் முன் பிரேமையும் பின் பிரேமையும் ஒப்பிட்டு, நடுவில் மட்டும் தெரிவதை அழுக்கு என்று முடிவு செய்கிறது. விளைவு தலைகீழாகிவிடுகிறது: கண்ணாடித் தூசு படத்தின் பகுதியாகத் தப்பிவிடும், வேகமாக வீசும் கையின் கோடு ஓரிரு பிரேமில் மட்டும் இருப்பதால் துடைத்தெறியப்படும். டிவிடி காலத்தில் அமெரிக்கக் கார்ட்டூன் வட்டுகள் பலவற்றில் பாத்திரங்களின் வெளிக்கோடுகள் அறுந்து தெரிந்ததற்குத் தானியங்கி இரைச்சல் நீக்கியே காரணம். கண்ணாடித் தூசை நீக்கலாமா என்பதில் வல்லுநர்களிடையே இன்றும் ஒருமை இல்லை. வரைந்தவர்கள் விரும்பி வைத்ததில்லை என்பது ஒரு கட்சி, அந்தப் பணிமனையின் தடயம் என்பது மறு கட்சி. கோடு அழியும் ஆபத்து இருக்கும் இடத்தில் தூசு இருந்துவிட்டுப் போகட்டும் என்பதே இக்கட்டுரையின் நிலை.

முழுநீளக் கார்ட்டூன் ஒன்று கணினி வழியே முழுதாகச் சீரமைக்கப்பட்டது 1993-இல். டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’ (1937) படத்தைக் கோடாக் நிறுவனத்தின் சினியான் அமைப்பில் ஸ்கேன் செய்து, துடைத்து, மீண்டும் பிலிமில் பதித்தார்கள். அதே நிறுவனத்தின் ‘சின்ட்ரெல்லா’ (1950) அவ்வளவு கொடுத்து வைக்கவில்லை. பிந்தைய வட்டுப் பதிப்புகளில் மெல்லிய கோடுகள் மங்கின. வெள்ளி நிற நடன உடை நீலமாகிப் போனது. 2023-இல் பெர்லின் திரைப்பட விழாவில் காட்டிய 4கே பதிப்பில்தான் நிறமும் கோடும் மீண்டன. ஒருமுறை சீரமைத்த படத்தை மறுபடி சீரமைக்க முடிந்ததற்கு ஒரே காரணம், மூலச் சுருளை அவர்கள் தூக்கியெறியாமல் வைத்திருந்தது.

தொலைக்காட்சித் தொடர்களில் இன்னொரு தவறும் நடந்தது. பழைய தொடர்கள் 4:3 என்னும் ஏறக்குறையச் சதுரமான சட்டத்துக்கு வரையப்பட்டவை. அகலத் திரைப் பெட்டிகள் வந்ததும் மேலும் கீழும் நறுக்கி 16:9 ஆக்கினார்கள். 2007 முதல் அமெரிக்காவில் வந்த ‘டிராகன் பால் இசட்’ டிவிடித் தொகுப்புகளில் இப்படித் தலைமுடியும் பாதமும் வெட்டுப்பட்டன. 2019 நவம்பரில் டிஸ்னி பிளஸில் ‘சிம்ப்சன்ஸ்’ தொடரின் தொடக்க அத்தியாயங்களும் நறுக்கப்பட்டே வந்தன. பார்வையாளர்கள் கொதித்ததால் 2020 மே மாதம் பழைய சட்டத்தைக் கொடுத்தார்கள்.

எந்தப் படம் எவ்வளவு தெளிவு பெறும் என்பதை, அது கடைசியாக எதில் முடிக்கப்பட்டது என்பது தீர்மானிக்கிறது. 35 எம்எம் பிலிம் இருந்தால் 4கே வரை ஸ்கேன் செய்யலாம். வீடியோ நாடாவில் தொகுத்து முடித்த தொடரில் அந்த நாடாவின் தெளிவுதான் எல்லை. 1990-களின் பிற்பகுதி முதல் கணினியிலேயே வண்ணம் பூசிச் சிறு அளவில் சேமித்த தொடர்களுக்கும் இதே கதி. ஸ்கேன் செய்ய அவற்றுக்குச் சுருளே கிடையாது. 1960-களில் எடுத்த தொடர் புத்தம் புதிதாய் ஒளிர, 2002-இல் எடுத்தது மங்கலாய்த் தெரிவது இதனால்தான். செல் தாளைக் கடைசிவரை விடாத தொலைக்காட்சித் தொடர் ஜப்பானின் ‘சசாயே-சான்’. 2013-இல்தான் அது முழுக்கக் கணினிக்கு மாறியது.

இந்தியாவில் செல் கார்ட்டூனின் அரசுப் பணிமனை, பிலிம்ஸ் டிவிஷன் 1956-இல் தொடங்கிய கார்ட்டூன் பிரிவு. டிஸ்னியிலிருந்து வந்த கிளேர் வீக்ஸிடம் அங்கே பயின்றவர் ராம் மோகன் (1931–2019). 1957-இல் வெளிவந்த ‘தி பனியன் டீர்’ அந்தப் பிரிவின் தொடக்க காலப் படம். 1986-இல் தூர்தர்ஷனில் வந்த ‘காயப் ஆயா’வை இந்தியாவின் முதல் அனிமேஷன் தொடராகக் குறிப்பிடுவர். இந்தப் பின்னணியில் ரீமாஸ்டரிங் வரலாற்றுக்கு மிக முக்கியமான படம், தொடராக இல்லாவிட்டாலும் தொலைக்காட்சியாலேயே வாழ்ந்த ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’.

யூகோ சாகோ என்னும் ஜப்பானியர், தொல்லியலாளர் பி.பி. லாலின் அகழாய்வுகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1983-இல் இந்தியா வந்தார். வந்த இடத்தில் இராமாயணம் அவரைப் பற்றிக்கொண்டது. மனிதர் நடித்தால் இராமனின் தெய்வத்தன்மை வராது, வரைந்தால்தான் வரும் என்று கருதி, ராம் மோகனையும் கொய்ச்சி சசாக்கியையும் உடன் இயக்குநர்களாகக் கொண்டு 135 நிமிடப் படத்தை உருவாக்கினார். இசை வன்ராஜ் பாட்டியா, பாடல்கள் சமஸ்கிருதம், உரையாடல் ஆங்கிலம். 1993 ஜனவரியில் புது தில்லியில் நடந்த சர்வதேசத் திரைப்பட விழாவில் படம் காட்டப்பட்டது. அயோத்தியில் மசூதி இடிக்கப்பட்டு ஒரு மாதமே ஆகியிருந்த நேரம். திரையரங்குகளில் அதற்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பின்னர் அருண் கோவிலும் அம்ரீஷ் புரியும் குரல் கொடுத்த இந்திப் பதிப்பு வந்தது. சத்ருகன் சின்ஹா கதை சொன்னார். கார்ட்டூன் நெட்வொர்க் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பியதில் ஒரு தலைமுறைக் குழந்தைகள் அதை மனப்பாடம் செய்துவிட்டார்கள்.

அவர்கள் கண்டது எவ்வளவு? தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் டிவிடிக்கு முன்பும் பக்கத்திலும் கோலோச்சிய விசிடியில், படத்தின் அளவு 352-க்கு 288 புள்ளிகள். டிவிடியில் 720-க்கு 576. 4கேயில் 3840-க்கு 2160. விசிடியில் ஒரு புள்ளி விழுந்த இடத்தில் 4கேயில் எண்பதுக்கு மேல் விழுகின்றன. இராமனின் அம்புப் பிடியில் வரைந்தவர் இட்ட மெல்லிய கோடுகள் முன்பு தெரிய வழியே இருந்ததில்லை.

அந்த 4கே பதிப்பு 2025 ஜனவரி 24 அன்று இந்தி, தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. மொழியாக்கத் தழுவலில் திரைக்கதையாசிரியர் வி. விஜயேந்திர பிரசாத் பங்கு பெற்றார். 135 நிமிடம் என்றால் 1,94,400 பிரேம். சாகோ 2012-இல் மறைந்தார், ராம் மோகன் 2019-இல்; தங்கள் கோடுகள் இப்படித் துலங்கியதை இருவரும் பார்க்கவில்லை.

ஆந்திர எல்லையில் இருக்கும் திருத்தணிக்கு இந்த வெளியீட்டில் தனி அக்கறை உண்டு. இராவணனைக் கொன்ற பின் இராமேசுவரத்தில் சிவனை வழிபட்ட இராமன், மன அமைதி தேடித் தணிகை மலைக்கு வந்து முருகனை வணங்கினான் என்கிறது தலபுராணம். படத்தில் அந்தப் பயணம் இல்லை. ஆண்டுக்கு 365 நாள் என்று கணக்குச் சொல்லும் 365 படிகளில் ஏறுகிறவர்களிடம் தமிழும் தெலுங்கும் கலந்தே கேட்கும். சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திரத்தில் இருந்த ஊர், ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஒரே இராமன் ஒரே நாளில் இரண்டு மொழியிலும் பேசிய படம் என்பது, வீட்டுக்குள்ளேயே இரண்டு மொழி புழங்கும் இத்தகைய ஊருக்குச் சின்ன விஷயமில்லை.

ஆனால் குரல் விஷயத்தில் ஒரு குறை நின்றது. 2025-இன் இந்திப் பதிப்பு பழைய குரல்களை விட்டுப் புதிதாக டப்பிங் செய்யப்பட்டது. படத்தோடு வளர்ந்தவர்களில் பலர் அருண் கோவிலையும் அம்ரீஷ் புரியையும் தேடினார்கள். அது நியாயமான ஏக்கம். டப்பிங் குரல் மூல நெகட்டிவில் இருக்காது. அது தனி நாடாவில், ஒளிபரப்பிய நிறுவனத்திடம் இருக்கும். 52 அத்தியாயங்கள் கொண்ட ஜப்பானிய ‘ஜங்கிள் புக்’ 1993-இல் தூர்தர்ஷனில் வந்தபோது குல்சார் எழுதி விஷால் பரத்வாஜ் இசையமைத்த பாடல் சேர்க்கப்பட்டது. ஷேர்கானுக்கு நானா படேகர் குரல். ஜப்பானில் உள்ள சுருளை எவ்வளவு துல்லியமாக ஸ்கேன் செய்தாலும் இவை வெளிவரா. 2020 ஏப்ரல் ஊரடங்கில் தூர்தர்ஷன் அந்தத் தொடரை மறுஒளிபரப்ப முடிந்தது, நாடாவைப் பாதுகாத்ததால்.

2000-களில் தமிழில் பேசிய கார்ட்டூன்களுக்கும், 2007-இல் தொடங்கிய சுட்டி டிவி தமிழாக்கிய தொடர்களுக்கும் இதே கணக்குதான். படத்தைச் சீரமைக்கும் திறமைக்குச் சென்னையில் பஞ்சமில்லை. பிரேம் பிரேமாகக் கையால் கறை நீக்கும் பிரசாத் கார்ப்பரேஷன் வெளிநாட்டுப் படங்களையும் புதுப்பித்துத் தருகிறது. ஸ்கேனர் செய்யும் ஜெர்மன் நிறுவனமான டி.எஃப்.டி.யும் அந்தக் குழுமத்தின் வசம். ராம் மோகனே பிலிம்ஸ் டிவிஷனை விட்டபின் சில ஆண்டுகள் பிரசாத் புரொடக்‌ஷன்ஸின் அனிமேஷன் பிரிவை நடத்தியவர். பழைய தமிழ்க் குரலைப் புதிய ஸ்கேனோடு சேர்ப்பதும் தெரிந்த வேலைதான். நம் தொலைக்காட்சி முறையில் நொடிக்கு 25 பிரேம் என்பதால், 24 பிரேம் படம் நாடாவில் நான்கு சதவீதம் வேகமாக ஓடும். 22 நிமிட அத்தியாயம் ஏறக்குறைய 53 நொடி குறுகிவிடும். அந்த வேகத்தைப் பார்த்தே பேசிய குரலை வெறுமனே இழுத்தால் சுருதி இறங்கிக் குழந்தைக் குரல் தடித்துவிடும். சுருதியை அப்படியே வைத்து நீளத்தை மட்டும் கூட்ட வேண்டும். அதற்கான மென்பொருள் டப்பிங் கூடங்களில் அன்றாடப் புழக்கத்தில் உள்ளது.