அப்பத்தாவின் இரண்டு அட்டைகள்

இலுப்பூர் வீட்டில், சாமி படத்துக்குப் பின்னால் அப்பத்தா இரண்டு அட்டைகளைச் செருகி வைத்திருக்கிறாள். ஒன்று 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம். மற்றது 2012-இல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். 2011-இல் ஆட்சி மாறியது, பழையது நின்றது. யோசனை மட்டும் தப்பித்தது. 2018-இல் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, பிறகு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்றானது.

"இதுல சுகர் மாத்திரை வாங்கலாமாய்யா?"

முடியாது. பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அட்டை பேசும். தினசரி மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்க வழிசெய்தது, 1994-இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். டெண்டர் விட்டு மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்புகிறார்கள். அதற்கு அட்டை கிடையாது.

பெரிய செலவு வந்தால் அட்டை தாங்கும். வராமல் பார்த்துக்கொள்வது அந்த மாத்திரைதான். காப்பீட்டின் வரலாற்றை எழுதினால், கிடங்கையும் சேர்த்தே எழுதணும்.