அனாபிலிஸும் அனந்தமும்

நீண்ட மருத்துவச் சொற்களைப் பிரிக்க இரு வழிகள் உண்டு. ஒன்று பொருள் நோக்கியது. மற்றொன்று ஒலி நோக்கியது. கிரேக்க மூலமுடைய சொற்களில் இவ்விரண்டும் பல இடங்களில் ஒத்துவருவதில்லை. அதற்கான சான்றுகளை ஐதராபாத்தின் மருத்துவ வரலாறே தருகிறது.

1888, 1889 ஆகிய ஆண்டுகளில் ஆறாம் நிஜாமின் ஆதரவுடன், எட்வர்ட் லாரி முன்னின்று நடத்திய குளோரோபார்ம் ஆய்வுகள் இந்நகரை உலக மருத்துவர் கவனத்திற்குக் கொண்டுவந்தன. அவை 'அனஸ்தீசியா' பற்றியவை. 1846-இல் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ் பரிந்துரைத்த இச்சொல்லில், 'அன்' இன்மையையும் 'ஐஸ்தேசிஸ்' உணர்வையும் குறிக்கும். 1897 ஆகஸ்டு 20 அன்று செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் மலேரியா நுண்ணுயிரைக் கண்டது அனாபிலிஸ் கொசுவின் வயிற்றில். 1818-இல் மைகன் சூட்டிய அப்பெயரிலும் அதே 'அன்' உண்டு. 'ஒபெலோஸ்' என்பது பயன். பயனற்றது என்பதே கொசுவின் பெயர்.

நாவோ அ-னஸ்-தீ-சி-யா, அ-னா-பி-லிஸ் என்றே பிரிக்கிறது. ஈற்று மெய், வரும் உயிரோடு கூடிவிடுகிறது. தமிழர்க்கு இது புதிதன்று. 'அன்', 'அந்தம்' இரண்டும் சேர்ந்த வடசொல்லை நாமும் அ-னந்-தம் என்றே ஒலிக்கிறோம். வடமொழி 'அன்', கிரேக்க 'அன்' இரண்டும் ஒரே வேரின. பொருள் சிதைய ஓசைக்காகச் சொல்லைப் பிரிப்பதை யாப்பிலக்கணம் வகையுளி என்னும். கார்டியாலஜி என்பதிலும் ஆங்கில ஒலிப்பின் அழுத்தம், 'கார்டியோ', 'லஜி' இரண்டும் கூடும் எல்லையில்தான் விழுகிறது.

1998-இல் மாதாப்பூரில் சைபர் டவர்ஸ் திறக்கப்பட்டபின், ஐதராபாத்தில் பெருகிய தொழில்களுள் ஒன்று அமெரிக்க மருத்துவர்களின் குரற்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது. அங்கே இவ்வேறுபாடு உயிர்ப் பிரச்சினையானது. ஹைப்பர்கிளைசீமியா சர்க்கரை மிகுதி. ஹைப்போகிளைசீமியா சர்க்கரைக் குறைவு. ஒன்றுக்கு இன்சுலின், மற்றொன்றுக்கு குளுக்கோஸ். இரு சொற்களிலும் அழுத்தம் 'ஹை', 'சீ' ஆகிய அசைகளில் விழ, பொருளை வேறுபடுத்தும் 'பர்', 'போ' மெலிந்தொலிக்கின்றன. விரைந்து பேசும் குரலில் செவி அவற்றைத் தவறவிடுவது எளிது.

உறுப்புப் பிரித்துப் பொருள் அறிந்தவர், குளுக்கோஸ் ஏற்றச் சொல்லும் குறிப்பில் 'ஹைப்பர்' என எழுதமாட்டார். செவி இழந்ததை அறிவு மீட்டுத்தரும். பதம் பிரிக்கக் கற்றபின் அசை பிரிப்பதே பாதுகாப்பான வரிசை.