இரண்டாவது சாட்சி: இலங்கை வானிற் கருவிகளின் கதை

வானூர்தியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் இயந்திரத்தையும் இறக்கையையும் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். ஓட்டியின் முன்னுள்ள பலகையிற் பதிந்திருக்கும் கருவிகளோ அத்துணைக் கவனத்தைப் பெறவில்லை. விமானத்தின் உயிர் பல வேளைகளில் அச்சிறு வட்டங்களைப் பொறுத்தே நின்றிருக்கிறது. கொழும்பில் வாழும் நமக்கு இவ்வரலாற்றைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டிய தேவை இல்லை. வெள்ளவத்தையிலிருந்து காலி வீதிவழியே தெற்கு நோக்கிச் சென்றால் இரத்மலானையை அடையலாம். கொட்டாஞ்சேனையிலிருந்து நீர்கொழும்பு வீதிவழியே வடக்கு நோக்கிச் சென்றால் கட்டுநாயக்கா. இவ்விரு தளங்களுக்கும் இடையிலேயே இக்கதையின் பெரும்பகுதி அடங்கிவிடுகின்றது.

முதலிற் சொற்களைச் சிறிது நோக்குதல் பொருந்தும். ‘வேகமானி’, ‘உயரமானி’ என நாம் வழங்குவன நல்ல தமிழ்ச் சொற்களே. ஆயினும் அவை ஒரு மயக்கத்தையும் உடன்கொண்டு வருகின்றன. வேகமானி வேகத்தை நேரே அளப்பதில்லை. எதிர்க்காற்றை ஏற்கும் பைற்றோக் குழாயின் அமுக்கத்துக்கும், விமானத்தின் பக்கத்துளை வழியே வரும் நிலையமுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டையே அது அளக்கின்றது. உயரமானி உயரத்தை அறியாது. அது முகத்தை மாற்றிக்கொண்ட ஒரு பாரமானி. கடல்மட்டத்தருகே ஒரு ஹெக்ரோபஸ்கல் அமுக்க மாற்றத்தை அது ஏறத்தாழ 27 அடி உயரமெனக் கூறும். கருவி கூறுவது ஓர் ஊகம்; ஊகத்தின் அடிப்படை பிழைத்தால் கூற்றும் பிழைக்கும்.

1929 செப்டெம்பர் 24இல் ஐக்கிய அமெரிக்காவில் ஜேம்ஸ் டூலிற்றில் என்பார், வெளியே எதுவுங் காணாதவாறு மூடிய இருக்கையிலிருந்து, கருவிகளை மட்டும் நம்பி விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டினார். கொல்ஸ்மன் உயரமானியும், ஸ்பெரி நிறுவனத்தின் செயற்கை அடிவானமும் திசைச் சுழலியும் அவருக்குத் துணைநின்றன. கண்ணைவிடக் கருவியை நம்பு என்னும் பாடம் அன்றுமுதல் விமானப் பயிற்சியில் வேரூன்றியது. 1935 நவம்பர் இறுதியிற் சென்னையிலிருந்து வந்த ‘பஸ் மொத்’ சிறு விமானம் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியபோது, ஓட்டியின் கண்ணே இன்னும் தலைமைக் கருவியாக இருந்தது. 1947 டிசெம்பர் 10இல் எயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் புறப்பட்டபோது நிலைமை மாறியிருந்தது. டக்கோட்டாவின் மூக்கின் கீழே இரண்டு பைற்றோக் குழாய்கள் நீட்டிநிற்கும். ஒன்று பொய்த்தால் மற்றையது அதனைக் காட்டிக்கொடுக்கும். இரண்டாவது சாட்சி ஒன்றை வைத்துக்கொள்ளும் இவ்வேற்பாடே இக்கட்டுரைக்கு இன்றியமையாதது.

அச்சாட்சி இல்லாதபோது, அல்லது இருந்தும் கேளாதபோது, என்ன நிகழும் என்பதை இலங்கை இருமுறை கண்டது. 1974 டிசெம்பர் 4ஆம் நாள் இரவு, சுராபாயாவிலிருந்து ஜெத்தா நோக்கி ஹஜ் யாத்திரிகரை ஏற்றிவந்த மார்ட்டின்எயர் நிறுவனத்தின் டீ.சி.-8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்காகத் தாழ்ந்து வந்தது. அது உண்மையில் தளத்தை நெருங்கியிருக்கவில்லை. கிழக்கே வெகுதொலைவில், மலைநாட்டின் மேலே இருந்தது. மஸ்கெலியாப் பகுதியின் சப்த கன்னியர் மலையில் மோதியது. பயணிகள் 182 பேரும் பணியாளர் 9 பேருமாக 191 பேரும் மாண்டனர். விமானத்தின் இடத்தை ஓட்டிகள் தவறாகக் கணித்ததே காரணம் எனவும், டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் சார்ந்திருந்தமை அத்தவறுக்கு இடமளித்தது எனவும் விசாரணை முடிவு கூறிற்று. டொப்ளர் நிலத்தை நோக்கி அலைகளை அனுப்பி, மீளும் அலையின் அதிர்வெண் மாற்றத்தால் தரைவேகத்தை அறிந்து, கடந்த தூரத்தைக் கூட்டிக்கொண்டே செல்லும். கூட்டிச் செல்லும் கணக்கிற் சிறுபிழையும் கூடிக்கொண்டே செல்லும். இடையில் வேறொரு வழியாற் சரிபார்த்தாலன்றி அது தெரியவராது.

நான்கு ஆண்டுகளின் பின், 1978 நவம்பர் 15 இரவு, மற்றொரு டீ.சி.-8 கட்டுநாயக்காவின் ஓடுபாதைக்குச் சற்று முன்னே தென்னந்தோட்டமொன்றில் வீழ்ந்தது. இதுவும் யாத்திரிகர் விமானமே, ஜெத்தாவிலிருந்து மீண்டுகொண்டிருந்தது. ஐஸ்லாந்து நிறுவனத்துக்குரிய அவ்விமானத்தில் இருந்த 262 பேரில் 183 பேர் மாண்டனர். உயரத்தையும் இறங்கும் வீதத்தையும் அறியக் கிடைத்த கருவிகள் அனைத்தையும் ஓட்டிகள் பயன்படுத்தவில்லை என இலங்கை அறிக்கை கூறியது. ஐஸ்லாந்துத் தரப்போ தரையிலிருந்த வழிகாட்டுக் கருவிகளையே குறைகூறியது. எப்பக்கம் நியாயம் அதிகம் என்பதில் நாம் தலையிடவேண்டியதில்லை. ஆயின் ஒன்று கவனிக்கத்தக்கது: தரைக்கருவி பிழைத்தது எனக் கொண்டாலும், விமானத்தின் உயரமானி அதற்கு மறுசாட்சி கூறக்கூடியதாக இருந்தது.

பெருநிறுவனங்களில் ஓட்டுபவர் ஒருவர், பழுதுபார்ப்பவர் வேறொருவர். தம் கையாலே விமானங் கட்டுவோர்க்கு இவ்வசதி இல்லை. நம் நாட்டில் இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் பொறியியலாளர் றே விஜேவர்தன (1924-2010). கைப்பிடித்து நடத்தும் இருசில்லு உழவு இயந்திரத்தை ஆக்கியவராகவும், மொறட்டுவைப் பல்கலைக்கழக வேந்தராகவும் அறியப்பட்ட அவர், சிறு விமானங்களைத் தாமே வரைந்து, கட்டி, ஓட்டியும் பார்த்தவர். இத்தகையோருக்குத் தச்சரும் மின்வினைஞரும் பரிசோதகரும் ஓட்டியும் ஒருவரே. தாம் இழைத்த பிழையைத் தாமே கண்டுபிடிக்கவேண்டிய நிலை அது.

2000ஆம் ஆண்டின் பின் இவர்களின் பலகையிலிருந்து வட்டக் கருவிகள் மெல்ல மறைந்தன. ஆறு கருவிகள் காட்டியதை ஒரே இலத்திரனியல் திரை காட்டுகின்றது. உள்ளே சுழலும் சக்கரங்கள் இல்லை. நுண்ணிய சிலிக்கன் உணரிகளும் காந்த உணரியும் அமுக்க உணரிகளும் உள்ளன. நிறை குறைந்தது, விலையும் குறைந்தது. இவை மறுக்கவியலா நன்மைகள். ஆனால் பழுது தேடும் முறை அடியோடு மாறிவிட்டது. முன்னர் செயற்கை அடிவானம் கெட்டால் அதுமட்டுமே கெடும். இன்று சில திரைகளில் அடிவானத்தைக் கணிக்கும் கணக்கே பைற்றோவின் வேகத்தைத் துணையாகக் கொள்கின்றது. குழாயில் ஒரு குளவி மண்கூடு கட்டினால் வேகம் மட்டுமன்றி அடிவானமும் சாய்ந்துபோகலாம். திரையில் ஆறு சாட்சிகள் நிற்பதாகத் தோன்றும். உண்மையில் ஒரே வாயே ஆறு குரலிற் பேசுகின்றது.

குளவியை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1996 பெப்ரவரி 6இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேருடன் கடலில் வீழ்ந்த போயிங் 757இன் பைற்றோக் குழாயை அடைத்தது பெரும்பாலும் குளவிக்கூடே என விசாரணையிற் கருதப்பட்டது. தலைமை ஓட்டியின் வேகமானி பொய் கூறியது. துணை ஓட்டியின் பக்கத்துக் கருவி மெய் கூறிக்கொண்டிருந்தது.

ஆதலால் சொந்த விமானத்தின் திரை தடுமாறும்போது, திரையைக் கழற்றுவதற்கு முன்னர் அதனைச் சாராத பிறிதொன்றை அதனருகே வைத்தல் வேண்டும். இயந்திரத்தைத் தொடக்கும் வேளையில் திரை அணைந்து மீள எழுகின்றதா? மின்கலத்தில் ஒரு வோல்ற்றுமானியை வைத்துப் பார்க்கலாம். தொடக்கியின் இழுவையால் மின்னழுத்தம் சரிந்திருக்கக்கூடும். இறங்குவிளக்கை ஏற்றியதும் திசை சில பாகை விலகுகின்றதா? காந்த உணரிக்கு அருகே மின்கம்பி ஓடுகின்றது; சாதாரண திசைகாட்டி ஒன்றை அங்கே பிடித்தால் அதன் ஊசியும் விலகும். வானொலியிற் பேசும்போது எண்கள் துள்ளினால், புவித்தொடுப்புக் கம்பிகள் வெவ்வேறு இடங்களிற் கட்டப்பட்டனவா எனவும், இணைப்புக்களில் உப்புக்காற்றின் பச்சை படிந்துள்ளதா எனவும் நோக்கவேண்டும். இரத்மலானைபோற் கடலோரத் தளத்தில் இவ்வையம் முதலிலேயே எழவேண்டியது.

வேகத்தைச் சோதிப்பதற்கு இன்னும் எளிய வழியுண்டு. ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாயொன்றை U வடிவில் வளைத்துப் பலகையில் அறைந்து, நிறமூட்டிய நீரைப் பாதியளவு ஊற்றி, ஒரு முனையைப் பைற்றோவின் குழாயுடனும் ஊசிபோடும் சிறிஞ் ஒன்றுடனும் பொருத்தி மெதுவாக அழுத்துக. இரு பக்க நீர்மட்டங்களின் வேறுபாடு ஏறத்தாழ 16½ சென்றிமீற்றராகும்போது திரை 100 நொற் எனக் காட்டவேண்டும். பின் சிறிஞ்சை அசையாது பிடித்துக் காத்திருந்தால், நீர்மட்டம் தாழுமாயின் குழாயில் எங்கோ கசிவுள்ளது. நீர் நிற்க எண் மட்டும் மாறுமாயின் பழுது கருவியினுள் இருக்கின்றது.