மண்டு மகன் செய்த வேலை

சிட்னியில் பத்திரிகையும் தொலைக்காட்சியுமாகக் கொடிகட்டிப் பறந்தவர் சேர் பிராங்க் பெக்கர். ஆண் பிள்ளைகள் இருவர். மூத்தவர் கிளைட் கெட்டிக்காரர். தொழில் அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். இளையவர் கெரிக்குச் சின்ன வயதில் போலியோ. பள்ளிக்கூடத்திலும் எழுத்துப் பிடிபடவில்லை. பெற்ற தகப்பனே அவரை மண்டு என்றுதான் கணக்கில் வைத்திருந்தார். 1972இல் தொழிற்சங்கத் தலைவர் பொப் ஹோக்கின் நேர்காணலைப் போடக்கூடாதென்று தகப்பன் குறுக்கே நிற்க, கிளைட் ரோசத்தோடு வெளியேறினார். 1974இல் தகப்பனும் கண்ணை மூடினார். குடும்பத்தின் சனல் நைன் தொலைக்காட்சி, 36 வயது மண்டுவின் கைக்கு வந்து சேர்ந்தது.

சனம் பெட்டிக்கு முன்னால் நாள் முழுக்கக் குந்தியிருக்க ஒரு சாமான் வேண்டும். கிரிக்கெட்டை விட்டால் வேறென்ன? 1976இல் அவுஸ்திரேலிய கிரிக்கெட் சபையிடம் போனார். அரச நிறுவனமான ஏபிசி தருவதைப்போலப் பல மடங்கு தருவதாகச் சொன்னார். சபையாருக்குப் பழைய சிநேகிதம்தான் பெரிதாகப்பட்டது. வெறுங்கையோடு திரும்பிய கெரி, ஆட்டக்காரர்களையே வாங்கத் தொடங்கினார்.

இயன் சப்பல், டெனிஸ் லில்லி, கிளைவ் லொயிட், விவ் ரிச்சர்ட்ஸ் என்று இரகசியமாகவே ஒப்பந்தங்கள் முடிந்தன. 1977 மே மாதம் விஷயம் கசிந்தது. ஆள் பிடித்துக் கொடுத்த டோனி கிரெய்க்குக்கு இங்கிலாந்துத் தலைமைப் பதவி போனது. தடை போட வந்தவர்களை இலண்டன் நீதிமன்றத்தில் கெரி வென்றார். வென்று என்ன, சபையின் பெரிய மைதானங்கள் எல்லாம் பூட்டு!

மெல்பேர்னில் கால்பந்து மைதானம் ஒன்று அகப்பட்டது. நடுவே ஆடுகளம் இல்லை. ஜோன் மேலி என்ற ஆடுகளக்காரர் கொங்கிரீட் தொட்டிகளில் மண் நிரப்பி, கண்ணாடிக் கூடாரத்துக்குள் புல் வளர்த்து, பாரந்தூக்கியால் தூக்கிவந்து பதித்தார். பைத்தியக்கார வேலைதான், ஆனால் பந்து ஒழுங்காக எழும்பியது. சனம்தான் எழும்பி வரவில்லை.

பகலில் வேலைக்குப் போகிறவன் எப்படி வருவான்? இரவில் ஆடிப்பார்த்தார்கள். மின்னொளியில் சிவப்புப் பந்து மங்கியது. வெள்ளைப் பந்து வந்தது. 1978 நவம்பர் 28 இரவு, கடைசியில் பூட்டுத் திறந்த சிட்னி மைதானத்தில் 44,000 பேருக்கு மேல் நெரிய, கெரி வாசல்களைத் திறந்துவிடச் சொன்னார். யோகம் அடித்தது என்று பார்த்தால், அடுத்த வில்லங்கம்: வெள்ளை உடுப்புக்குள் வெள்ளைப் பந்து தொலைந்தது.

பந்தை மாற்ற வழியில்லை. உடுப்பை மாற்றினார்கள். 1979 ஜனவரியில் அவுஸ்திரேலியர் மஞ்சளில் இறங்கினார்கள். உலகத்தையே மிரட்டிய மேற்கிந்தியப் பந்துவீச்சாளர்களுக்குக் கிடைத்ததோ இளஞ்சிவப்பு! பைஜாமா கிரிக்கெட் என்று பழசுகள் சிரித்தார்கள். அதே ஆண்டில் சபை இறங்கிவந்து, ஒளிபரப்பு உரிமையை சனல் நைனிடமே கொடுத்தது.

1992இல் உலகக் கிண்ணமே நிறம் மாறியது. 1996 மார்ச் 17, லாகூர் மின்னொளியில் நீல உடுப்போடு அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து இலங்கைக்குக் கிண்ணம் வாங்கித் தந்தார்.

இன்றைக்குக் கிழக்கிலங்கையில் தம்பிலுவில் தொடங்கிக் கல்முனை வரை மென்பந்துச் சுற்றுப்போட்டி என்றால், முதலில் கழகத்தின் சீருடை அறிமுக விழா. பிரமுகரை அழைத்து, முதுகில் பெயரும் இலக்கமும் அச்சிட்ட கலர் ஜேர்சியை விரித்துப் பிடித்துப் படம் எடுக்க வேண்டும். பிறகு அதை மாட்டிக்கொண்டு, பட்டப்பகல் வெயிலில், டெனிஸ் பந்தில் ஆடுவார்கள்.