டட்லி பூச்சி

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிறது டட்லி. 18-ஆம் நூற்றாண்டில் ஊரைச் சுற்றி இரும்பு உலைகள் எரிந்துகொண்டிருந்தன. தாதுவின் அழுக்கைக் கசடாகப் பிரித்தெடுக்க உலைக்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். பக்கத்திலிருந்த ரென்ஸ் நெஸ்ட் குன்று முழுக்க அதுதான். மேலேயும் வெட்டினார்கள், உள்ளே குடைந்தும் வெட்டினார்கள். பிளந்த பாளங்களில் அடிக்கடி ஒரு பூச்சி தென்பட்டது: விரல் நீளம்கூட இல்லை, வரிவரியான முதுகு, உடல் நெடுக மூன்று பகுதி. கல் உடைத்தவர்கள் அதை ‘டட்லி வெட்டுக்கிளி’ என்றார்கள்.

படித்தவர்கள் அந்த அளவுக்குக்கூடக் கிட்டே வரவில்லை. வேல்ஸில் கிடைத்த இதன் உறவுக்காரப் பிராணி ஒன்றைத் தட்டை மீன் என்று 1698-ல் எழுதிவைத்தார் எட்வர்டு லூயிட். சார்லஸ் லிட்டில்டன் என்ற மதகுரு 1750-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய பிறகே டட்லி பூச்சி ஏட்டில் ஏறியது. ட்ரைலோபைட் என்ற பெயர் 1771-ல் ஜெர்மானியர் வால்ஹ் வைத்தது. இன்றைய கணக்கில் அது பூச்சியும் அல்ல. கணுக்காலிகளில் அடியோடு அழிந்துபோன தனிக்கிளை. ஆனாலும் மீனைவிடப் பூச்சி எவ்வளவோ பக்கம்!

சுமார் 43 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெதுவெதுப்பான, ஆழமில்லாத கடல் இருந்தது. ஆபத்து வந்தால் இந்தப் பிராணி மரவட்டைபோலச் சுருண்டுகொள்ளும். அந்த நேரம் பார்த்துச் சேறு வந்து மூடினால், ஓடு கலையாமல் அப்படியே கல்லாகிவிடும். முழுசாகக் கிடைத்ததால்தான் டட்லிச் சரக்குக்கு அத்தனை கிராக்கி.

கல்லுக்குக் கூலி முதலாளி கொடுத்தார். பூச்சிக்குக் காசு சேகரிப்பாளர்கள் கொடுத்தார்கள். விக்டோரியா காலத்தில் அதைத் தங்கத்தில் பதித்து ப்ரூச்சாகக் குத்திக்கொண்டவர்களும் உண்டு. இந்தப் பாறைகளின் காலத்துக்கு ‘சிலூரியன்’ என்று பெயர் வைத்த நிலவியலாளர் முர்ச்சிசனுக்கு, 1849-ல் டட்லிக் குகைக்குள் கூடிய பெருங்கூட்டம் ‘சிலூரியாவின் அரசர்’ என்று பட்டம் சூட்டியது. அந்தக் குகையே சுண்ணாம்புக்கல் வெட்டியவர்கள் குடைந்ததுதான். பட்டத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுத்திருக்கலாம் என்பது என் கட்சி.

பின்னாளில் டட்லி நகரம் தன் சின்னத்திலேயே பூச்சியைப் பொறித்துக்கொண்டது. 1956-ல் ரென்ஸ் நெஸ்ட் தேசிய இயற்கைக் காப்பகமாயிற்று. நிலவியலுக்காக பிரிட்டனில் அந்தத் தகுதி பெற்ற முதல் இடம் அது. இப்போது பாறைமேல் சுத்தியல் வைக்கக் கூடாது. சரிவில் தானாக உதிர்ந்து கிடப்பதில் தேடிக்கொள்ளலாம்.