குளுக்கோஸ் பாட்டிலும் பக்கவாதமும்

பக்கவாதம் கண்டவரின் ரத்தச் சர்க்கரையை உடனே பார்க்கும் வழக்கம் மருத்துவத்துக்குள் தாமதமாகத்தான் நுழைந்தது. சர்க்கரை நோயும் மூளை நோயும் வெகுகாலம் வெவ்வேறு மருத்துவர்களின் பொறுப்பாகவே இருந்தன. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் ராயபுரத்தில் தனி மருத்துவமனையே எழுந்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1949இல் ஜேக்கப் சாண்டி நாட்டின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை அமைத்தார். அடுத்த ஆண்டே சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அப்பணியில் இறங்கினார்.

 திருத்தணி போன்ற ஊர்களில் வேரூன்றியது வேறொரு பழக்கம். யார் மயங்கி விழுந்தாலும் முதலில் சர்க்கரைத் தண்ணீர். பிறகு கிளினிக்கில் தெம்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ். ஆடிக் கிருத்திகை வெயிலில் காவடியோடு மலைக்கோயிலின் 365 படி ஏறிக் களைத்தவருக்கு அது ஆறுதல்தான். ஆனால் கை கால் இழுத்து, வாய் கோணி விழுந்தவர் வேறு. ஐந்து சதவீதக் கரைசல் அரை லிட்டரில் 25 கிராம் குளுக்கோஸ் இருக்கிறது. அக்கறையோடு ஏற்றப்பட்ட அந்தப் பாட்டில் அவருக்குக் கெடுதல் செய்யக்கூடியது.

இந்தக் கெடுதல் 1977இல் குரங்குகளிடம் நடத்திய சோதனையில் தெளிவாயிற்று. ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி மீட்டபோது, பட்டினி கிடந்தவை ஓரளவு தேறின. முன்னதாகக் குளுக்கோஸ் பெற்றவற்றின் மூளை மோசமாகச் சிதைந்தது. மையர்ஸும் யமகுச்சியும் கண்ட இந்த முடிவு பலரை வியக்க வைத்தது. மூளையின் எரிபொருளே குளுக்கோஸ்தானே! ஆக்சிஜன் இல்லாதபோது அதே எரிபொருள் லாக்டிக் அமிலமாகிறது. சர்க்கரை மிகுந்தால் அமிலமும் மிகும்; தப்பித்திருக்கக்கூடிய அணுக்களும் மடியும். அடைப்பு நீங்கி ரத்தம் திரும்பும்போதும் ஆபத்து விடுவதில்லை: பழுதான நுண்குழாய்களில் வீக்கமும் கசிவும் வரும். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்தவர்களிடம் மூளைக்குள் ரத்தம் கசிவதும் சர்க்கரை உயர்ந்தவர்களிடமே அதிகம். சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் பக்கவாத அதிர்ச்சியில் ரத்தச் சர்க்கரை ஏறுவதுண்டு. அவர்களும் இதற்கு விலக்கல்ல.

அப்படியானால் இன்சுலின் போட்டு வேகமாக இறக்கிவிட்டால் போதாதா? மருத்துவ உலகம் அப்படித்தான் நம்பியது. 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,151 நோயாளிகள் இருந்தனர். ஒரு சாராருக்குச் சர்க்கரையை டெசிலிட்டருக்கு 80 முதல் 130 மில்லிகிராமுக்குள் கட்டுப்படுத்தினார்கள். மறு சாராருக்கு 180க்குள் இருந்தால் போதும் என்று விட்டார்கள். மூன்று மாதத்தில் இரு சாராரும் ஒரே அளவில்தான் தேறியிருந்தனர். கடுமையாகக் குறைத்தவர்களிடம் மட்டும் சிலருக்குச் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்தது. சர்க்கரை தாழ்ந்தாலும் மூளை பட்டினியால் சாகும். பக்கவாதம் போலவே கை கால் துவளவும் செய்யும்.

எனவே இன்றைய நடைமுறையில் பாட்டிலுக்கு முன்னால் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுக்கப்படுகிறது. 60க்குக் கீழே இருந்தால் தாமதமின்றிக் குளுக்கோஸ். இல்லையென்றால் உப்புக் கரைசலான சலைன்தான். உயர்ந்திருந்தால் இன்சுலினால் 140க்கும் 180க்கும் இடையில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.